வண்டியை உயர்த்துவோர் அறிய வேண்டிய மேற்கரம்

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு நான்கு சக்கர இயக்க வண்டி புதிதன்று. செம்பனைக் காட்டுப் பாதையிலும் மழைக்காலச் செம்மண் சேற்றிலும் அதுதான் துணை. கடந்த ஆண்டு என் மாமா தம் ஹைலக்ஸ் வண்டியின் முன்பகுதியை 2 அங்குலம் உயர்த்தினார். பார்ப்பதற்கு மிடுக்காகத்தான் இருந்தது. ஆனால், நெடுஞ்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் ஸ்டீரிங் இங்கும் அங்கும் அலைந்தது. ஒரு மழை இரவில் லாரி ஒன்றை முந்தும்போது வண்டி தடம் விலகியது. அத்தையும் நானும் உள்ளே இருந்தோம். சில மாதங்களிலேயே முன் தயர்கள் ஒரு பக்கமாகத் தேய்ந்தன. "அலைன்மெண்ட் செய்தால் போதும்" என்றார்கள் பட்டறையில். இருமுறை செய்தும் பயனில்லை. ஏன்?

இரண்டு கரங்கள்

2004ஆம் ஆண்டு அறிமுகமான ஏழாம் தலைமுறை ஹைலக்ஸ் முதல், முன்சக்கரம் ஒவ்வொன்றையும் மேலும் கீழுமாக இரண்டு கரங்கள் பிடித்திருக்கின்றன. கீழ்க்கரம் நீளமானது, சுருள்வில்லும் அப்சார்பரும் அதன்மேல் அமர்ந்து வண்டியின் பாரத்தைத் தாங்குகின்றன. மேற்கரம் குட்டையானது, சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பதை அது கட்டுப்படுத்துகிறது. கரத்தின் உள்முனை ரப்பர் புஷ் வழியாகச் சாசியிலும், வெளிமுனை பால் ஜாயிண்ட் எனும் பந்து மூட்டு வழியாகச் சக்கரத் தாங்கியிலும் இணைகின்றன.

வில்லை உயர்த்தும்போது இரு கரங்களும் கீழ்நோக்கிச் சாய்கின்றன. இரண்டின் நீளமும் வேறு என்பதால் அவற்றின் வெளிமுனைகள் ஒரே அளவில் நகர்வதில்லை. ஆகவே, சக்கரத்தின் நிலை மாறிவிடுகிறது. இங்கே இரண்டு கோணங்களை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது கேம்பர். முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் அளவு இது. இது பிசகினால் தயர் ஒருபக்கமாகத் தேயும்.

இரண்டாவது காஸ்டர். பக்கவாட்டில் நின்று பார்க்கும்போது, மேல் மூட்டையும் கீழ் மூட்டையும் இணைக்கும் கோடு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு இது. மிதிவண்டியின் முன் கவை சாய்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். அந்தச் சாய்வினால்தான் திருப்பிய சக்கரம் தானாக நேர்நிலைக்குத் திரும்புகிறது. காஸ்டர் குறைந்தால், மாமாவின் வண்டியைப் போல ஸ்டீரிங் அலையும்.

அலைன்மெண்ட் ஏன் போதவில்லை?

இவ்வண்டியில் கோணங்களைத் திருத்தும் போல்ட்டுகள் கீழ்க்கரத்தில் உள்ளன. அவை நகரக்கூடிய தூரம் மிகக் குறைவு. உயர்த்திய வண்டியில் கேம்பரைச் சரிசெய்யவே அத்தூரம் செலவாகிவிட்டால், காஸ்டருக்கு எதுவும் மிஞ்சாது. கையில் இருக்கும் 10 ரிங்கிட்டில் இரண்டு கடன்களை அடைக்க முயல்வது போன்றது இது.

இதற்குத் தீர்வாகத்தான் தனியார் நிறுவனங்கள் மாற்று மேற்கரங்களைத் தயாரிக்கின்றன. அவற்றில் பந்து மூட்டு சற்றுப் பின்தள்ளிப் பொருத்தப்பட்டிருக்கும். இரு மூட்டுகளின் இடைத்தூரம் 40 சென்டிமீட்டர் என்று கொள்வோம். மேல் மூட்டை வெறும் 7 மில்லிமீட்டர் பின்னுக்கு நகர்த்தினாலே காஸ்டர் ஏறத்தாழ 1 பாகை கூடிவிடும். கூடுதலாக, இம்மூட்டுகள் அதிகக் கோணத்திற்குத் திரும்பும் வகையில் அமைக்கப்பட்டிருக்கும். உயர்த்திய வண்டி பள்ளத்தில் இறங்கிச் சக்கரம் முழுமையாகத் தொங்கும்போது, அசல் மூட்டு தன் எல்லையை முட்டிச் சீக்கிரம் தேயக்கூடும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

சந்தையில் இரு வகை மூட்டுகள் உண்டு. ரப்பர் உறையால் மூடிய பந்து மூட்டு ஒன்று. யூனிபால் எனப்படும் திறந்த கோள மூட்டு மற்றொன்று. யூனிபால் பரந்த கோணத்திற்கு அசையும். எனினும் சேறும் மணலும் புகுந்தால் சத்தமிட்டுத் தேயும். நம் நாட்டு மழைக்கும் செம்மண்ணுக்கும் மூடிய வகையே ஏற்றது. புஷ்களிலும் அப்படியே: ரப்பர் அமைதியானது, பாலியூரித்தேன் உறுதியானது, ஆனால் கிரீஸ் இல்லாவிட்டால் கிறீச்சிடும்.

பொருத்தும்போது பிரேக் குழாயும் ஏபிஎஸ் கம்பியும் இழுபடாமல் பார்க்க வேண்டும். ரப்பர் புஷ் உள்ள கரமானால், சக்கரங்கள் தரையில் நின்று வண்டியின் பாரம் இறங்கிய பிறகே உள்முனை போல்ட்டுகளை இறுதியாக முறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் எப்போதும் திருகியே இருந்து விரைவில் கிழியும். வேலை முடிந்தவுடன் அலைன்மெண்ட் செய்து, அளவுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். பழைய அளவையும் புதிய அளவையும் ஒப்பிட்டால் உண்மை தெரியும்.

மேற்கரம் எல்லாவற்றையும் தீர்க்காது. அது வண்டியை உயர்த்தாது. முன் அச்சுத் தண்டின் மூட்டுகள் கூடுதல் கோணத்தில் உழல்வதையும் குறைக்காது. ஆகவே உயரத்தில் ஆசை அளவோடு இருக்கட்டும். வண்டியின் அமைப்பை மாற்றுமுன் சாலைப் போக்குவரத்துத் துறையின் விதிகளையும், காப்புறுதியின் நிபந்தனைகளையும் கேட்டறிவது கடமை.

மாமா இறுதியில் மேற்கரங்களை மாற்றினார். இப்போது கையைத் தளர்த்தினாலும் வண்டி நேராக ஓடுகிறது. ஆனால், அந்த மழை இரவை நான் மறக்கவில்லை. உயர்த்துவதற்கு ஒரு நாள் போதும்; உயர்த்தினால் என்ன மாறும் என்று கேட்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை நாம் முதலில் செலவிடுவோமே!