“புள்ளைக்கும் வந்துடுமா, டாக்டர்?”

கர்ப்பிணிப் பெண் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். ரத்தம் எடுக்கிறார்கள். ரத்தசோகை, சர்க்கரையோடு எச்.ஐ.வி.யும் பார்க்கிறார்கள்.

“இருக்குதும்மா” என்று முடிவு வந்தால்?

உலகமே இடிந்து தலையில் விழுந்தது போல ஆகிவிடும். அப்போதும் அவள் கேட்பது, “என் புள்ளைக்கும் வந்துடுமா, டாக்டர்?”

வராமல் தடுக்கலாம்!

வீட்டுக்குள் வந்த நோய்

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது சென்னையில்தான். ஆண்டு 1986. கண்டுபிடித்தவர்கள், சென்னை மருத்துவக் கல்லூரி டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும்.

“அது கெட்டுப் போனவங்களுக்கு வர்ற நோய். நமக்கென்ன?” என்றார்கள் பலர். ஆனால் நோய் குடும்பத்துக்குள்ளும் புகுந்தது. கொண்டு வந்தவர், பெரும்பாலும் கணவர்!

நாமக்கல் கௌசல்யாவுக்கும் அப்படித்தான். கணவர் லாரி டிரைவர். அவர் மூலம் தொற்றியது. கௌசல்யா ஓடி ஒளியவில்லை. தன்னைப் போன்ற பெண்களைச் சேர்த்து 1998-ல் சென்னையில் சங்கம் தொடங்கினார்.

100-க்கு எத்தனை?

தாய்க்குச் சிகிச்சையே இல்லாவிட்டால், 100 குழந்தைகளில் 15 முதல் 45 பேருக்கு நோய் தொற்றும். வயிற்றில் இருக்கும்போதோ, பிரசவத்திலோ, தாய்ப்பாலிலோ தொற்றலாம்.

மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டால், இது 5-க்கும் கீழே இறங்கிவிடும்!

அரசு ஆஸ்பத்திரிகளில் 2004-ல் இந்தக் கூட்டு மருந்து இலவசமாக வந்தது. முதலில் கொடுத்த இடங்களில் தாம்பரமும் ஒன்று. தாய் ஆயுள் முழுவதும் மாத்திரை சாப்பிட வேண்டும். பிறந்த குழந்தைக்கும் சில வாரங்கள் மருந்து உண்டு. 6-வது வாரத்தில் முதல் பரிசோதனை. 18-வது மாதத்தில் கடைசிப் பரிசோதனை. அதிலும் ‘இல்லை’ என்று வந்துவிட்டால், பெற்ற வயிறு குளிரும்.

துரத்த முடியாது

“விஷயம் தெரிஞ்சா மாமியார் வீட்ல துரத்திடுவாங்களே!” இந்தப் பயத்தில் சில பெண்கள் மறுபடி ஆஸ்பத்திரிப் பக்கமே வருவதில்லை. நஷ்டம் குழந்தைக்கு!

2018-ல் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. சட்டப்படி, நோயைச் சொல்லி அவளை வீட்டை விட்டு வெளியேற்ற முடியாது. அவள் சம்மதம் இல்லாமல் ஆஸ்பத்திரி வெளியே சொல்லவும் கூடாது. சந்தேகம் இருந்தால் 1097-க்கு போன் செய்து கேட்கலாம். காசு கிடையாது.

கணவன்மார்களே, ஒரு வார்த்தை! முதல் பரிசோதனையில் மனைவிக்கு ‘இல்லை’ என்று வந்தாலும், உங்களுக்கு இருந்தால் பிறகு அவளுக்குத் தொற்றலாம். அவள் வயிற்றில் இருப்பதற்கும் ஆபத்து.

ரத்தம் கொடுக்க அவளை மட்டும் கை நீட்டச் சொல்லாதீர்கள். நீங்களும் நீட்டுங்கள்!