கடதாசித் தோட்டாவும் 1857 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியும்

1857 இல் வட இந்தியாவில் மூண்ட கிளர்ச்சியைப் பற்றி எழுதுவோர் கொழுப்புப் பூசிய தோட்டாவைக் குறிப்பிடாது விடுவதில்லை. ஆயின், சிப்பாயின் பல் அதிற் பட நேர்ந்தது ஏன் என்பது பெரும்பாலும் விளக்கப்படுவதில்லை. கிளர்ச்சியை வெறும் மூடநம்பிக்கையின் விளைவாகக் காட்டுவதற்கு இது வசதியாயிற்று.

அக்காலத் துவக்குகளுக்குக் குழலின் வாய் வழியாகவே மருந்திட வேண்டும். ஒரு வெடிக்கு வேண்டிய மருந்தையும் ஈயக் குண்டையும், மர உருளையிற் சுற்றியெடுத்த கடதாசிக் குழாயினுள் அடக்கி முனைகளை மூடி வைப்பதே தோட்டா. ஒரு கையால் துவக்கைப் பற்றியிருக்கும் சிப்பாய், மருந்துள்ள முனையைப் பல்லாற் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலினுட் கொட்டி, குண்டைக் கோலால் இடித்து இறக்குவான். பழைய மஸ்கட் துவக்கின் உட்புறம் வழுவழுப்பானது, குண்டும் குழலினும் நன்கு சிறியது, எளிதில் இறங்கிற்று. 1853 ஆம் ஆண்டு மாதிரியான என்பீல்ட் றைபிளின் 0.577 அங்குலக் குழலிலோ புரிவரைகள் வெட்டப்பட்டிருந்தன. குண்டு அதனிலும் மிகச் சிறிதளவே குறைந்தது. மருந்தின் கரி படியப் படியக் குண்டு இறுகும். எனவே குண்டிருக்கும் முனைக் கடதாசியிற் கொழுப்புப் பூசுவது தவிர்க்கவியலாத தொழில்நுட்பத் தேவையாயிற்று. கடிக்கும் முனையும் பூசிய முனையும் ஒன்றல்ல என்பது உண்மையே. ஆனால் கொழுப்புப் படிந்த கையாலன்றோ மறுமுனையை வாய்க்குக் கொண்டுசெல்ல வேண்டும்! அது எவ்விலங்கின் கொழுப்பு என்பதை உறுதிசெய்ய அதிகாரிகள் தக்க கவனம் எடுத்திலர்.

1857 ஜனவரியில், கல்கத்தாவுக்கு அண்மையிலுள்ள டம்டம் படைக்கலச்சாலையின் கலாசித் தொழிலாளி ஒருவன் பிராமணச் சிப்பாயொருவனிடம் தண்ணீர்ச் செம்பைக் கேட்டான். சாதி கூறி அவன் மறுத்தான். பசுவினதும் பன்றியினதும் கொழுப்பைக் கடிக்கப் போகிறவனுக்குச் சாதி ஏதென்று தொழிலாளி வினவியதாக அக்கால அதிகாரி ஒருவரின் அறிக்கை கூறுகிறது. இதனைச் சமய அச்சத்தின் தொடக்கமாக மட்டும் வாசிப்பது போதாது. தீண்டாமைக்கு உழைப்பாளி அளித்த விடையும் அதில் உண்டு.

சிப்பாய்கள் தாம் விரும்பும் நெய்ப்பொருளைத் தாமே பூசலாமென அம்மாத இறுதியில் ஆணை பிறந்தது. பின்னர் கடிப்பதற்குப் பதிலாகக் கையாற் கிழிக்கும் முறையும் வந்தது. பயன் விளையவில்லை. ஐயம் கொழுப்பிலிருந்து கடதாசிக்குத் தாவிற்று. பெப்ரவரி 26 இல் பெர்ஹாம்பூரில் 19 ஆம் சுதேசக் காலாட்படையினர் அஞ்சியது பழைய மஸ்கட் தோட்டாக்களின் கடதாசி இருவேறு நிறமாயிருந்ததைக் கண்டே. மீரட்டில் ஏப்ரல் 24 இல் 90 குதிரைவீரருள் 85 பேர் தொட மறுத்தனவும் பழைய வகையினவே. அயோத்தி இராச்சியம் 1856 இல் இணைக்கப்பட்டமையும், அவ்வாண்டே புதிதாய்ச் சேர்வோர் கடல் கடந்தும் பணிபுரிய வேண்டுமெனச் சட்டம் வந்தமையும், கம்பனியின் எச்சொல்லையும் நம்பவியலாத நிலையை ஏற்கனவே உருவாக்கியிருந்தன. மே 9 இல் அந்த 85 பேருக்கும் படையினர் முன்னிலையில் விலங்கிடப்பட்டது. மறுநாள் மாலை அவர்தம் தோழர் சிறையைத் திறந்தனர்.