மணியாச்சிக் கரும்புகையும் ஒரு பல்சக்கரமும்

மீட்டர் கேஜ் காலத்தில் மணியாச்சியில் கைகாட்டி இறங்கி வண்டி கிளம்பும்போது, ஒய்டிஎம்-4 டீசல் எஞ்சின் குபுகுபுவென்று கரும்புகை தள்ளும். பிளாட்பாரத்தில் நின்றவர்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். வண்டி வேகம் பிடித்துக் கடம்பூர்ப் பக்கம் திரும்புவதற்குள் புகை மெலிந்துவிடும். சின்ன வயதில் அதை எஞ்சினின் வீராப்பு என்று நினைத்திருந்தேன். மூச்சுத்திணறல் என்று பின்னால்தான் தெரிந்தது.

ஆறு சிலிண்டர் எஞ்சின் அது, 1,400 குதிரைத்திறன். டர்போ இல்லாமல் அவ்வளவு வராது. வெளியேறும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் காற்றை அமுக்கி சிலிண்டருக்குள் திணிக்கும். வீணாகப் போகும் சூட்டில் கிடைக்கிற காற்று. ஆனால் நின்ற வண்டி கிளம்பும்போது புகையில் அந்த வலு இருக்காது. டிரைவர் விசைப்பிடியை ஒரு நாட்ச் (படி) ஏற்றியதும் டீசல் வந்துவிடும், காற்று வந்து சேராது. அரைகுறையாக எரிந்த டீசல்தான் அந்தக் கரி.

காற்றை அமுக்கித் திணிக்க இன்னொரு கருவியும் உண்டு, சூப்பர்சார்ஜர். அதை எஞ்சினின் கிராங்க் தண்டே சுழற்றுவதால் முதல் நொடியிலேயே காற்று தரும். அதற்குக் கூலியாக எஞ்சினின் பலத்தைத் தின்னும். இரண்டையும் ஒரே காரில் பூட்டினால் என்ன? லான்சியா டெல்டா எஸ்4 அப்படிப் பூட்டித்தான் 1985-இல் பிரிட்டனின் ஆர்ஏசி ராலியை வென்றது. ஃபோக்ஸ்வாகன் 2005-இல் 1.4 லிட்டர் கோல்ஃப் காரில் அதையே செய்து 170 குதிரைத்திறன் எடுத்தது. ஒரே நுகத்தில் இரண்டு குணமுள்ள காளைகள்: ஒன்று சட்டென்று கிளப்பும், மற்றது நெடுந்தூரம் இழுக்கும். ஆனால் குழாய், வால்வு, கிளட்ச் என்று சாமான் பெருகும், விலையும் ஏறும்.

எனக்கு அதைவிடப் பிடித்தது ரயிலில் இருக்கிற வழி. ஜெனரல் மோட்டார்ஸ் வடிவமைத்து 1999-இல் இந்தியாவுக்கு வந்த டபிள்யூடிஜி-4 டீசல் எஞ்சின், பதினாறு சிலிண்டர், 4,000 குதிரைத்திறன். பிற்பாடு வாரணாசியிலேயே கட்டினார்கள்; ஹூப்ளி ஷெட் அதன் தாய்வீடு. டூ-ஸ்ட்ரோக் என்பதால் அந்த எஞ்சினுக்குக் காற்றைத் தானாக உறிஞ்சத் தெரியாது. யாராவது ஊதித் தள்ளினால்தான் பழைய புகை வெளியேறும், ஸ்டார்ட்டே ஆகும். ஆகவே அதன் டர்போவைப் பல்சக்கர வரிசை ஒன்று கிராங்க் தண்டோடு இணைக்கிறது. கிளம்பும்போது எஞ்சினே அதைச் சுழற்றும். அப்போது அது சூப்பர்சார்ஜர். லோடு ஏறி, ஆறாவது நாட்ச் வாக்கில் புகைக்கு வலு வந்ததும், டர்போ பல்சக்கரத்தை முந்திக்கொண்டு ஓடும். நடுவில் இருக்கும் கிளட்ச் தானாகப் பிடியை விட்டுவிடும். இறக்கத்தில் மிதிப்பதை நிறுத்திய பிறகும் சைக்கிள் சக்கரம் சுற்றுகிறதே, அந்த ஃப்ரீவீல்தான். சாமான் ஒன்று, வேலை இரண்டு. இப்படி யோசித்தவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

மணியாச்சித் தடத்தில் இப்போது மேலே மின்கம்பி, புகைக்கு வேலையில்லை. டீசல் எஞ்சினை எங்காவது அணைக்கிறபோது பக்கத்தில் நின்று கேளுங்கள். டபிள்யூடிஜி-4 அடங்கிய பிறகும் உள்ளே ஒரு சின்ன பம்பு மட்டும் அரை மணி நேரத்துக்கு மேல் முனகிக்கொண்டிருக்கும். கொதிக்கிற டர்போ பேரிங்குக்கு அது எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறது.