தொட்டிலுக்குப் பேரீச்சம்பழமா?

"பழைய இரும்புச் சாமானுக்குப் பேரீச்சம்பழம்!"

ஒரு காலத்தில் தெருவெல்லாம் ஒலித்த குரல் அது. இன்று பேரீச்சம்பழம் போய்விட்டது. கூவுகிறவர் தொண்டைக்கும் ஓய்வு கிடைத்துவிட்டது. மூன்று சக்கர வண்டியிலே ஒலிபெருக்கி. அதிலே பதிவு செய்த குரல். பழத்துக்குப் பதில் பணம். எல்லாம் மாறிற்று. ஒன்று மட்டும் மாறவில்லை. தராசு! எந்தப் பொருளானாலும் எடைதான் அதற்கு விலை என்ற அந்தக் கணக்கு மட்டும் அப்படியே நிற்கிறது.

அந்தத் தராசுக்கு முன்னே, கிண்டித் தொழிற்பேட்டையில் லேத் பட்டறையொன்றில் வேலை பார்க்கும் நம் தோழர் ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தம் மகள் படுத்து ஆடிய தொட்டிலைக் கொண்டுவந்து வைத்தார். இரும்புச் சட்டம், நான்கு கால், மேலே கொக்கி, கொக்கியிலே ஸ்பிரிங். வாங்கியது 2,800 ரூபாய்க்கு. ஆடியது ஏழு மாதம். தராசுக்காரர் தூக்கிப் பார்த்தார், நிறுத்துப் பார்த்தார். "160 ரூபாய் தரேண்ணே" என்றார்.

பக்கத்திலே நின்றவன் நான். பொறுக்கவில்லை.

"ஏன் தோழரே, சந்தையில் போட்டால் நல்ல விலைக்குப் போகுமே?"

"சந்தையிலா? பிள்ளைத் தொட்டிலையா? பார்க்கிறவன் என்ன நினைப்பான்?"

கேட்டீர்களா தோழர்களே! பார்க்கிறவன் என்ன நினைப்பான்! முதலாளி முகத்துக்கு நேரே நின்று போனசு கேட்கத் தயங்காத வாய் அது. மழையிலே நனைந்துகொண்டு கொடி பிடிக்கக் கூசாத கை அது. அந்த வாய் குழறுகிறது, அந்தக் கை நடுங்குகிறது, எதனாலே? ஒரு தொட்டிலாலே!

மாடிவீட்டுச் சீமான் தன் காரை நான்கு ஆண்டு ஓட்டிவிட்டு விற்கிறாரே, அவரை யாராவது கேட்டதுண்டா, "ஐயா, வறுமையா? வீட்டிலே அடுப்பு எரியவில்லையா?" என்று? கேட்கமாட்டார்கள். கெட்டிக்காரர் என்பார்கள். அவர் காருக்கு 'ரீசேல் வேல்யூ' உண்டு. ஏழைத் தாயின் தொட்டிலுக்கோ 'பழசு' என்று பெயர். பெயரிலேயே வஞ்சகம்!

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். மூன்று கிலோவாகப் பிறந்த குழந்தை ஐந்தாம் மாத அளவிலே ஆறு கிலோ ஆகிறது. ஓராண்டு நிறையும்போது ஏறத்தாழ ஒன்பது கிலோ. ஐம்பது சென்டிமீட்டர் இருந்த உயரம் அந்த ஓராண்டிலே எழுபத்தைந்தாகிறது. இந்த வேகத்தில் வாழ்நாளில் மறுபடி ஒருமுறை வளருவதில்லை மனிதன். சட்டை கிழிவதில்லை, பிள்ளை அதை மீறிவிடுகிறது. தொட்டில் உடைவதில்லை, குழந்தை புரளத் தொடங்குகிறது, எழுந்து உட்காருகிறது, விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்க்கிறது. அதற்குப்பின் அதிலே கிடத்தினால் ஆபத்து. ஆகவே, கடையிலே விற்கும் எந்தப் பொருளையும்விடக் குழந்தைப் பொருள்தான் புதுமெருகு மாறாமலே வேலையிழக்கிறது. ஆலை மூடியதால் வேலையிழந்த நல்ல தொழிலாளியைப் போல! திறமை குறைந்தா வெளியே நிற்கிறான் அவன்?

பத்தடிக்குப் பத்தடி வாடகை வீட்டில், அதைப் பரணிலே ஏற்றி வைக்கலாம் என்றால் பரணேது? கட்டிலுக்கடியிலே தள்ளலாம் என்றால் அங்கே அரிசிமூட்டை. வீடு மாறும்போதெல்லாம் வண்டிக்கூலி வேறு. கடைசியிலே ஒருநாள் எரிச்சல் தாங்காமல் தராசுக்காரரைக் கூப்பிடுகிறோம். 2,800 ரூபாய் 160 ரூபாயாகிறது.

தோழர் வீட்டுக்குள்ளிருந்து அவருடைய மாமியார் வந்தார். வயது எழுபதிருக்கும். "தொட்டிலை விக்கறதா? வேணாம் மாப்பிள்ளை. அடுத்த பிள்ளைக்கு ஆகாது" என்றார். கோபம் வரவில்லை எனக்கு. அந்த அம்மையாரிடமே கேட்டேன். "உங்கள் மகள் பிறந்தபோது முதலிலே என்ன துணியில் சுற்றினீர்கள்?" "எங்கம்மா கட்டின பழைய நூல்சேலையில. புதுத்துணி பிள்ளை உடம்பை அறுக்குமே!" என்றார். "தூளி கட்டியது?" "அதுவும் பழஞ்சேலைதான்." பார்த்தீர்களா, பகுத்தறிவு அந்த அம்மையாரிடம் இருக்கத்தான் செய்கிறது, பயம் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். துவைத்துத் துவைத்து மெதுவான துணிதான் பிஞ்சு உடலுக்கு ஏற்றது என்று தமிழ்த்தாய்மார் கண்டுபிடிக்க எந்தச் சாத்திரமும் தேவைப்படவில்லை. இன்னொன்றும் உண்டு. பெரிய வீடுகளிலே மூன்று தலைமுறை ஆடிய மரத்தொட்டிலை எண்ணெய் பூசிக் காட்டுவார்கள். "எங்கள் தாத்தா ஆடியது" என்பார்கள். பழசுதானே அது? அங்கே பெருமை, இங்கே பீடையா?

ஆனால், தோழர்களே, ஒன்றை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. பழந்துணி என்றதும் நம்மவர் முகம் சுளிப்பதற்குக் காரணம் வெறும் பகட்டன்று. அந்தச் சுளிப்புக்குள்ளே ஒரு காயம் இருக்கிறது. பிள்ளைப்பேற்றுத் தீட்டு என்று பெயர் சூட்டி, பேறுகாலத்துத் துணியைச் சலவைத் தொழிலாளி வீட்டுப் பெண்ணிடம் தள்ளிவிட்ட நாடு இது. ஆண்டை வீட்டுப் பிள்ளை போட்டுக் கழித்த சட்டையைப் பண்ணையாள் வீட்டுப் பிள்ளைக்குத் தீபாவளிக்குத் தீபாவளி விட்டெறிந்த நாடு இது. வாங்கியவன் தோளிலே துண்டு இருக்கக் கூடாது, இடுப்பிலே இருக்க வேண்டும்! "அளவு பெரியது" என்று அவன் சொல்ல முடியுமா? "பொத்தான் இல்லை" என்று குறை கூற முடியுமா? "வேண்டாம்" என்ற ஒரு சொல்லை அவன் உதடு அறியுமா? அந்த நினைவு நம் பாட்டன்மார் முதுகிலிருந்து நம் முதுகுக்கு வந்திருக்கிறது. அடுத்தவன் பிள்ளை போட்ட சட்டை என்றதும் நமக்குக் கூசுகிறதென்றால், கூசுவது உடலன்று, அந்த முதுகு!

சந்தையின் பெருமையை உணர வேண்டிய இடமும் இதுதான். சந்தையிலே கொடுப்பவனும் இல்லை, ஏற்பவனும் இல்லை. விற்பவர், வாங்குபவர், அவ்வளவே! "என்ன விலை?" என்கிறார். "அதிகம்" என்கிறார். திருப்பிப் பார்க்கிறார், தட்டிப் பார்க்கிறார், பிடிக்கவில்லையென்றால் துண்டைத் தோளிலே போட்டுக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார். அதே பழைய சட்டைதான். ஆனால் அங்கே தலை குனிந்து வாங்கியது. இங்கே ஐம்பது ரூபாயை எண்ணி வைத்து வாங்கியது. இரண்டும் ஒன்றா?

இங்கிலாந்திலே 1956-இல் தொடங்கிய நேஷனல் சைல்ட்பர்த் டிரஸ்ட் என்ற தாய்மார் அமைப்பு, இதற்கென்றே ஊர்ப் பொதுக்கூடங்களில் விற்பனை நடத்தி வந்தது. கிட்டத்தட்டப் புதியவை என்று அதற்குப் பெயர். தாய்மார் தம் பிள்ளைக்குச் சிறுத்துப்போன உடுப்பையும் பொம்மையையும் விலைச்சீட்டுக் கட்டிக் கொண்டுவருவார்கள். விற்ற பணத்தில் பெரும்பங்கு தாய்க்கு, ஒரு பங்கு அமைப்புக்கு. வெள்ளைக்காரர் செய்கிறார், நாமும் செய்வோம் என்பதற்காகச் சொல்லவில்லை. நம் ஊரிலே சந்தைக்குப் பஞ்சமா என்ன!

சென்னையிலே மூர் மார்க்கெட் இருந்தது. 1900-இல் திறந்த சிவப்புக் கட்டடம். புத்தகமும் கிராமபோனும் பழம்பொருளும் அங்கே கைமாறின. 1985 மே 30 அன்று தீயிலே வெந்தது. இன்று அந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம். பல்லாவரத்திலோ வாரந்தோறும் வெள்ளிக்கிழமை, பழைய டிரங்க் ரோட்டில் சந்தை கூடுகிறது. தலைக்கு மேலே மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானம், தரையிலே தார்ப்பாயை விரித்து உலகத்துப் பொருளெல்லாம்! மேசை, மின்விசிறி, செடி, கோழி, திருப்புளி, டி.வி. ரிமோட். வாங்குபவர் சாதி கேட்டு விற்பவரில்லை, விற்பவர் குலம் கேட்டு வாங்குபவரில்லை.

கைபேசியிலே படம் போட்டு விற்கலாமே என்பார் சிலர். விற்கலாம், தடையில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும். "பணம் அனுப்புகிறேன், இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள்" என்று எவராவது சொன்னால், அவர் வாங்க வந்தவரல்லர், பறிக்க வந்தவர். பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை.

பேச்சு வளர்ந்தது. தோழர் மனம் இளகிற்று. தராசுக்காரரை வெறுங்கையோடு அனுப்பினார். அந்த வாரம் முழுவதும் மாலை வேளைகளிலே தொட்டிலோடு உட்கார்ந்தார். லேத் தொழிலாளி அல்லவா! தளர்ந்த ஸ்பிரிங்கை மாற்றினார். தேய்ந்த கொக்கிக்குப் பதில் புதிய கொக்கி. திருகாணி ஒவ்வொன்றையும் முடுக்கி, முனைகளை அரம் போட்டு மழுங்கடித்தார். துணியைக் கொதிநீரில் போட்டு அலசி வெயிலிலே காயவைத்தார் அவர் துணைவியார். வெள்ளிக்கிழமை இரண்டாம் ஷிஃப்ட் என்பதால் காலையிலேயே வண்டியிலே கட்டிக்கொண்டு கிளம்பினோம். தொட்டிலோடு இன்னொன்றும் ஏறியது: வாக்கர். வட்டச்சட்டமும் சக்கரமும் வைத்து, நடுவிலே குழந்தையை உட்கார வைப்பார்களே, அது.

வழியிலே தோழர் சொன்னார்: "ஒன்பதாம் மாதம் இதோடு வாசற்படியில் உருண்டுவிட்டாள். நெற்றியிலே இன்னும் தழும்பு இருக்கிறது."

"அப்படியிருந்துமா விற்கக் கொண்டு வருகிறீர்?" என்றேன்.

"200 ரூபாய் வருமே!"

உழைப்பவனுக்கு 200 ரூபாயின் அருமை தெரியும். அதைக் கேலி செய்ய நான் தயாரில்லை. ஆனால் சொன்னேன். கனடா நாடு 2004-இல் இந்தச் சக்கர வாக்கரைத் தடை செய்தது. புதியதை மட்டுமன்று, தெருச்சந்தையிலே பழையதை விற்பதும் அங்கே குற்றம். பிள்ளைகள் மாடிப்படியிலிருந்து உருண்டு மண்டையை உடைத்துக்கொண்டதுதான் காரணம். நடை சீக்கிரம் வரும் என்று வாங்குகிறார்கள், அப்படி வருவதுமில்லை. நம்மூர் மர நடைவண்டி வேறு. அதைப் பிள்ளை நின்று தள்ளுகிறது, உள்ளே சிறைப்படுவதில்லை. அமெரிக்காவிலும் 2011-இல், ஒரு பக்கச் சட்டம் கீழிறங்கும் குழந்தைக் கட்டிலின் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். சட்டம் கழன்று அந்த இடுக்கிலே சிக்கிக் குழந்தைகள் மாண்டன.

விற்பவருக்கு வெட்கம் வேண்டாம் என்றேனே, பொறுப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. பால்புட்டியின் ரப்பர்க் காம்பைப் பிறருக்குக் கொடுக்காதீர். வண்ணம் உரியும் பழைய மரப்பொம்மையைக் கொடுக்காதீர். வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்துக்குக் கடுமையான வரம்பு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்திய பூச்சில் என்ன இருக்கிறதென்று எவர் கண்டார்? பிள்ளை அதைக் கடிக்கத்தானே போகிறது! நம் பிள்ளைக்கு ஆகாதது இன்னொரு தொழிலாளி பிள்ளைக்கு எப்படி ஆகும்?

தோழர் பதில் பேசவில்லை. வாக்கரை வண்டியிலிருந்து இறக்கவுமில்லை. பிறகு சக்கரங்களைக் கழற்றி, மிச்சத்தைத் தராசுக்காரரிடமே போட்டார் என்று கேள்விப்பட்டேன். அதற்குத்தான் தராசு!

சந்தையிலே பழைய கட்டில், நாற்காலி விற்கும் கடைக்காரர் ஒருவர் தொட்டிலை ஆட்டிப் பார்த்து, "400" என்றார். "ஸ்பிரிங் புதுசு" என்றார் தோழர். பேரம் நடந்துகொண்டிருக்கும்போதே ஓர் இளைஞர், உடன் நிறைமாத மனைவி. "தொட்டில் என்ன விலைங்க?" கடைக்காரர் சிரித்தார். "நீங்களே குடுத்துருங்கண்ணே. நின்ன எடத்துக்கு எனக்கு அம்பது குடுங்க போதும்." அவரும் உழைத்துப் பிழைப்பவர்தான்!

தோழர் 900 என்றார். குரல் கொஞ்சம் கம்மிற்று, நான் கவனித்தேன். அந்த இளைஞர் தொட்டிலைப் பிடித்துத் தொங்காத குறை. கால்களை அசைத்தார். கொக்கியை இழுத்தார். "இது என்ன, இங்கே துரு?" என்றார். "மேலாகத்தான்" என்று தோழர் தேய்த்துக் காட்டினார். "500" என்றார் இளைஞர். "கட்டாது" என்றார் தோழர். கணவனும் மனைவியும் நடந்துவிட்டார்கள். பத்தடி போய், அந்தப் பெண் ஏதோ சொல்ல, திரும்பி வந்தார்கள். 700-க்கு முடிந்தது. பணம் கைக்கு வந்த பிறகு, யாரும் கேட்காமலே தோழர் சொன்னார்: "திருகாணியை மாசத்துக்கு ஒருதரம் முடுக்குங்க தம்பி. பிள்ளை புரள ஆரம்பிச்சதும் இதுல போடாதீங்க."

"உங்களுக்கு என்ன குழந்தைங்க?" என்று கேட்டார் அந்தப் பெண்.

"பொண்ணு. இப்ப ரெண்டு வயசாகுது" என்றார் தோழர். பார்க்கிறவன் என்ன நினைப்பான் என்று கேட்டாரே, அவர்தான்! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

கடைக்காரருக்கு ஐம்பது போக 650. நான்கு கடை தள்ளி ஒரு மூன்று சக்கர சைக்கிள், சிவப்பு நிறம். 400 சொன்னார்கள். தோழர் அதைக் கவிழ்த்து வைத்து, அச்சைச் சுழற்றி, பெடலை அழுத்தி, உட்காருமிடத்தை ஆட்டி, அரைமணி நேரம் சோதித்தார். எல்லாம் சரியாக இருந்தது. மணி மட்டும் அடிக்கவில்லை. அதற்காக ஐம்பது ரூபாய் குறைத்துக்கொண்டார்.