மோதிரத்தைக் கழற்றச் சொல்லும் கிரீம்

மல்லாங்கிணற்றிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். எட்டாம் வகுப்பு படிக்கும் மகள், கூடப் படிக்கும் பிள்ளை கொடுத்த சிவப்பழகு கிரீமை ராத்திரி பூசிக்கொண்டு படுக்கிறாளாம். டப்பாவில் கம்பெனி முகவரி இல்லை. ஆனால், தங்கம், வெள்ளி நகையில் படக்கூடாது என்று எச்சரிக்கை இருக்கிறது. முகத்துக்குப் பூசுவது நகையை என்ன செய்யும் என்று கேட்கிறார்.

அருமையான கேள்வி. அந்த எச்சரிக்கை இருந்தாலே பாதரசத்தைச் சந்தேகிக்க வேண்டும். எங்கள் தெரு ஆசாரி, உடைந்த தெர்மாமீட்டரைப் பட்டறைப் பக்கமே அண்டவிட மாட்டார். ஒரு துளி பட்டால் போதும், பொன்னோடு கலந்து அதை வெள்ளையாக்கிவிடும்.

தோலில் அது வேறு வேலை செய்கிறது. நம் நிறத்துக்குக் காரணமான மெலனினை உண்டாக்கும் டைரோசினேஸ் என்ற நொதிக்குள் செம்பு அணுக்கள் இருக்கின்றன. பாதரசம் அந்தச் செம்பின் இடத்தைப் பிடித்து நொதியை முடக்குகிறது. முகம் வெளுக்கிறது. பூசுவதை நிறுத்தினால் நிறம் திரும்பிவிடும். உள்ளே இறங்கிய பாதரசம் சிறுநீரகத்தில் போய்த் தங்கும்.

கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் 2023-இல் இது வெளிச்சத்துக்கு வந்தது. கோட்டக்கல் மருத்துவர்களுக்கு முதலில் ஐயம் எழுப்பியது 14 வயதுச் சிறுமி ஒருத்தி. சிறுநீரில் புரதம் ஒழுகும் ஒருவகைச் சிறுநீரக நோயாளிகள் 22 பேரை ஆராய்ந்ததில், 15 பேருக்கு அரிதான நெல்-1 வகை இருந்தது. அவர்களில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள்.

நம் நாட்டு அழகுசாதன விதிகள், 2020, பாதரசம் சேர்ப்பதைத் தடை செய்கின்றன. தற்செயலாகக் கலந்தாலும் முகக்கிரீமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. ஆனாலும் முகவரியில்லா டப்பாக்கள் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. நம் வீட்டுப் பேச்சிலும் தவறு இருக்கிறது. கரிசல் வெயிலுக்கு மெலனின்தான் காவல். அதைப் பிள்ளையின் குறையாகச் சொல்லிச் சொல்லி நாமே அவளை அந்த டப்பாவிடம் அனுப்புகிறோம். பள்ளிப் பிள்ளைக்குக் காரமில்லாத சோப்பும், தோல் வறண்டால் கொஞ்சம் தேங்காயெண்ணெயும் போதும். சுருக்கம் போக்கும் ரெட்டினாலும், தோல் உரிக்கும் அமில சீரமும் அந்த வயதுக்குத் தேவையே இல்லை.

அம்மா, கிரீமை இன்றே நிறுத்துங்கள். டப்பாவை எறியாமல் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி விருதுநகர் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கண் இமை வீங்குகிறதா, சிறுநீர் நுரைக்கிறதா என்று மகளிடம் கேளுங்கள். எதுவும் இல்லையென்றாலும் சிறுநீரைப் பரிசோதித்துவிடுங்கள். தலையணை உறையிலும் துண்டிலும் ஒட்டிய கிரீம் பூசாதவர் உடம்பிலும் ஏறும். கூடப் படுக்கும் தம்பி தங்கை இருந்தால் அவர்களையும் கூட்டிப்போங்கள். கிரீம் கொடுத்த பிள்ளையின் வீட்டுக்கும் சொல்லிவிடுங்கள்.