கொடுத்தார் பெயரெல்லாம் கல்லில்

தஞ்சை அரண்மனையின் கீழைத் திருமஞ்சன சாலையில் தானம் செய்தருளியபடி அமர்ந்திருந்தான் மாமன்னன் ராஜராஜன். அவனது ஆட்சியின் 26-ஆம் ஆண்டு, 20-ஆம் நாள் அது. சில திங்களுக்கு முன்னர்தான், 1010-ஆம் ஆண்டில், பெரிய கோயில் விமானத்தின் உச்சியில் வைப்பதற்குப் பொன் வேய்ந்த செப்புக் கலசத்தை அளித்திருந்தான். இப்போது ஓர் ஆணை பிறந்தது. ராஜராஜீஸ்வரம் உடைய பரமசுவாமிக்குத் தான் கொடுத்தவற்றையும், தமக்கையார் கொடுத்தவற்றையும், தேவியர் கொடுத்தவற்றையும், மற்றும் யார் யார் கொடுத்தனரோ அவர்கள் கொடுத்தவற்றையும் விமானத்துக் கல்லிலேயே வெட்டுக என்பது அந்த ஆணை.

ராஜராஜனின் தலைமையைப் போற்றுவோர் பெரும்பாலும் அவன் வென்ற போர்களையே எடுத்துரைப்பர். அவற்றையும் அக்கல்வெட்டுகள் மறைக்கவில்லை. சேரனையும் பாண்டியரையும் வென்று கொணர்ந்த பண்டாரத்திலிருந்து பொற்பூக்கள் செய்து சாத்தியதைக் கூறுகின்றன. ஆயினும் அந்தக் கல்லின் பெரும்பகுதியை நிறைப்பவை பிறர் பெயர்கள்.

தேவியருக்கும் முன்னதாகத் தமக்கையார் குந்தவைப் பிராட்டியாரை வைத்தான் மன்னன். அவர் தந்தைக்கும் தாய்க்கும் திருமேனிகள் எழுந்தருளுவித்ததும், நகைகள் பல வழங்கியதும் விரிவாகப் பொறிக்கப்பட்டுள்ளன. கோயில் ஸ்ரீகாரியம் பார்த்த ஆதித்தன் சூரியன் என்னும் அதிகாரி நம்பியாரூரர், பரவை நங்கையார், அப்பர், சம்பந்தர் திருமேனிகளைச் செய்தளித்தார். ஒவ்வொன்றும் இத்தனை விரல் உயரம் என்பது வரையில் எழுதப்பட்டிருக்கிறது.

கோயிலைக் கட்டிய தச்சரும் விடுபடவில்லை. வீரசோழன் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன் என்று, மன்னன் தன் பெயரையே விருதாக அளித்துக் கல்லில் நிறுத்தினான். நாவிதருக்கும் அதே சிறப்பு: ராஜராஜப் பெருநாவிசன்! திருப்பதிகம் விண்ணப்பம் செய்வோர் 48 பேர், உடுக்கை வாசிப்பவர் ஒருவர், கொட்டிமத்தளம் முழக்குபவர் ஒருவர் என 50 பேருக்கும் நாள்தோறும் முக்குறுணி நெல். பல ஊர்க் கோயில்களிலிருந்து வந்த தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர். இன்ன தெரு, இன்ன சிறகு, இத்தனையாம் வீடு, இன்ன பெயர் என்று ஒருவர் விடாமல் எழுதி, ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 100 கலம் நெல் விதித்தான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஆடல் மகளிரின் வீட்டு விலாசம் நமக்குத் தெரிகிறது என்பது எண்ண எண்ண வியப்பளிப்பது.

அழகி என்னும் முதியவள் அளித்த கல்லின் நிழலில் இறைவன் மகிழ்ந்திருப்பதாக மன்னன் கனவு கண்டான் என்றொரு கதை செவிவழியாக வழங்குகிறது. கல்வெட்டில் அதற்குச் சான்றில்லை. எனினும் இப்படியொரு கதை வேறெவரையும் விட ராஜராஜனுக்கே பொருந்துகிறது.

பெயர் எழுதியதோடு அவன் நிற்கவில்லை. பணி செய்பவர் இறந்தாலோ வேற்றூர் சென்றாலோ அடுத்த உறவினர் அப்பணியையும் பங்கையும் பெறவேண்டும். அவர் தகுதியற்றவராயின் தகுதியுடையவரைக் கொண்டு செய்விக்க வேண்டும் என்று விதித்தான். ஒரு விளக்குக்கு 96 ஆடுகள், அதற்கு நாள்தோறும் உழக்கு நெய் என்று இடையர்களிடம் ஒப்படைத்தான். நகைகளை நிறுத்தபோது கோத்த சரட்டையும் அரக்கையும் நீக்கி நிறுத்தனர். பொன் நிறுத்த கல்லுக்கும், நெல் அளந்த மரக்காலுக்கும் ஆடவல்லான் என்று இறைவன் திருநாமமே சூட்டப்பட்டது. அரசன் கொடுத்தது என்பதற்காக எடையில் சலுகை ஏதுமில்லை.

காலப்போக்கில் கோயிலை எழுப்பியவன் யார் என்பதையே ஊர் மறந்தது. தலபுராணம் அதைக் கரிகாலனுக்கு உரியதாக்கியது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கல்வெட்டறிஞர் ஹுல்ஷ் அச்சுவர்களைப் படித்து வெளியிட்டபோதுதான் ராஜராஜன் மீண்டும் வெளிப்பட்டான். தமக்கையாரும், தச்சரும், நாவிதரும், 400 தளிச்சேரிப் பெண்டுகளும் அவனுடன் வந்தனர்.