'10 அடி ஆழத்தில் தங்கம் காட்டும்' மெட்டல் டிடெக்டர்... திருவண்ணாமலை மண்ணில் எடுபடுமா?

பழைய ஸ்பீக்கரை உடைத்துக் காந்தத்தை எடுத்து, தெருமண்ணில் புரட்டி விளையாடாதவர்கள் குறைவு. காந்தத்தைச் சுற்றிக் கறுப்பு மீசைபோலத் தூள் ஒட்டிக்கொள்ளும். திருவண்ணாமலைப் பக்கம் அந்த மீசை அடர்த்தியாக ஒட்டினால் ஆச்சர்யமில்லை. ஊருக்கு அருகிலுள்ள கவுத்திமலையிலும் வேடியப்பன்மலையிலும் மேக்னடைட் என்ற இரும்புத்தாது இருக்கிறது. அங்கே சுரங்கம் தோண்டும் திட்டம் வந்தபோது சுற்றுவட்டார மக்கள் கடுமையாக எதிர்த்தது பலருக்கு நினைவிருக்கும்.

அந்தக் கறுப்புத்தூளுக்கும், 'பத்து அடி ஆழத்துத் தங்கத்தையும் காட்டும்' என்ற விளம்பரத்தோடு விற்கப்படும் மெட்டல் டிடெக்டர்களுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. பணம் கட்டும் முன் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஆசை எங்கிருந்து வருகிறது?

2025 நவம்பரில் ஜவ்வாதுமலை கோவிலூர் சிவன் கோயிலில் திருப்பணி நடந்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட பழைய தங்கக் காசுகள் கிடைத்தன. 2020 பிப்ரவரியில் திருச்சி திருவானைக்காவல் கோயிலில் 505 தங்கக் காசுகள் கிடைத்தன. எடை 1.716 கிலோ. 2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் 20-க்கும் மேற்பட்ட ஐம்பொன் சிலைகளும், 400-க்கும் மேற்பட்ட செப்பேடுகளும் வெளிவந்தன.

இப்படி ஒவ்வொரு செய்தி வரும்போதும் 'நம்ம நிலத்திலும் ஏதாவது இருக்குமோ?' என்ற எண்ணம் எழுவது இயல்பு. ஆனால், இந்த மூன்று இடங்களிலும் காசையும் சிலையையும் வெளியே கொண்டுவந்தது புதையல் தேடிய கருவியல்ல. கோயில் பணிக்காகத் தோண்டிய மண்வெட்டியும் கடப்பாரையும்தான்!

கோயில் வாசலில் கத்துகிறதே?

கார்த்திகை தீபத்துக்கு அண்ணாமலையார் கோயிலுக்குப் போனவர்களுக்கு மெட்டல் டிடெக்டர் வாசல் பழகிய ஒன்று. இடுப்பில் இருக்கும் பெல்ட் பக்கிளுக்கே 'பீப்' என்று கத்தும். இங்கே இவ்வளவு கூர்மையாக இருக்கும் கருவி, மண்ணில் மட்டும் ஏன் திணறுகிறது?

கருவிக்குள் ஒரு காயில் இருக்கிறது. அதில் ஓடும் மாறுமின்னோட்டம் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். அந்தப் புலம் உலோகத்தில் பட்டால், உலோகத்துக்குள் சிறு மின்னோட்டம் சுழலும். அது தனக்கென ஒரு காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்பும். கருவி பிடிப்பது அந்தப் பதிலைத்தான்.

கோயில் வாசலில் காயிலுக்கும் பக்கிளுக்கும் நடுவே இருப்பது வெறும் காற்று. தூரமும் ஒரு முழம், ஒன்றரை முழம்தான். நிலத்தில் தூரமும் அதிகம், நடுவே மண்ணும் இருக்கிறது.

தூரம் கூடினால் என்ன ஆகும்? காசு போன்ற சிறு பொருள் இரண்டு மடங்கு ஆழத்துக்குப் போனால், அதைத் தொடும் புலம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகக் குறையும். திரும்பி வரும் பதிலும் அதேபோல எட்டில் ஒரு பங்காகும். ஆக, கருவிக்குக் கிடைப்பது 64-ல் ஒரு பங்கு! அதனால்தான் நல்ல கருவிகூட ஒற்றைக் காசை ஒரு சாண் ஆழம் வரைதான் நம்பிக்கையாகக் காட்டும். குடம் அளவுள்ள உலோகம் என்றால், பெரிய காயிலோடு ஒரு மீட்டர் ஆழத்தை ஒட்டிப் பிடிக்கலாம். திருவானைக்காவலில் காசுப் பாத்திரம் இருந்தது சுமார் ஏழு அடி ஆழத்தில் என்று அன்றைய செய்திகள் சொல்லின.

மண்ணுக்கு மண் மாறும்!

* உலர்ந்த ஆற்றுமணல்: செய்யாறு, தென்பெண்ணை மணல்போன்றது. கருவிக்கு இதுதான் சுலபம். ஆனால், மணலில் கறுப்புக் கோடுகள் தெரிந்தால் அங்கே இரும்புத்தாது படிந்திருக்கலாம்.

* செம்மண்: திருவண்ணாமலை மாவட்டத்தில் பரவலாக இருப்பது. சிவப்பு நிறம் இரும்பு ஆக்சைடால் வருவது. நிறத்தைவிடக் காந்தத்தில் ஒட்டும் துகள்தான் முக்கியம். அது அதிகமிருந்தால் மண்ணே உலோகம்போலப் பதில் சொல்லும். அந்தச் சத்தத்தில் காசின் மெல்லிய பதில் அமுங்கிப்போகும்.

* ஈரக் களிமண், உப்பு மண்: உப்பும் ஈரமும் சேர்ந்தால் மண் மின்சாரத்தைக் கடத்தும். கடற்கரை ஈர மணலில் சாதாரணக் கருவிகள் வீணாகக் கத்துவதற்கு இதுதான் காரணம்.

* பழைய குடியிருப்பு மண்: செங்கல்லும் பானை ஓடும் நெருப்பில் வெந்தவை. வேகும்போது களிமண்ணின் காந்தத்தன்மை கூடும். தங்கம் என்று தோண்டினால் உடைந்த செங்கல் வரலாம்.

மண்ணின் சத்தத்தைக் கழிக்கக் கருவியில் 'கிரவுண்ட் பேலன்ஸ்' என்ற வசதி உண்டு. பத்தடிக்கு ஒருமுறை மண் மாறும் இடத்தில் அதையும் திரும்பத் திரும்பச் சரிசெய்ய வேண்டும்.

ஆணிக்குப் பக்கத்தில் மோதிரம்

ஆழம் மட்டுமல்ல, அருகருகே கிடக்கும் இரண்டு பொருள்களைப் பிரித்துக் காட்டுவதும் கருவிக்குச் சவால்தான். துருப்பிடித்த ஆணியும் தங்க மோதிரமும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால், இரண்டின் பதிலும் கலந்து, கருவி 'வெறும் இரும்பு' என்று சொல்லிவிடலாம்.

சின்ன காயில் மாட்டினால் பொருள்களை நன்றாகப் பிரிக்கும், ஆழம் குறையும். பெரிய காயில் மாட்டினால் ஆழம் கூடும். ஆனால், அடியில் கிடக்கும் எல்லாவற்றையும் ஒன்றாகக் குழப்பும். லட்சக்கணக்கானோர் நடக்கும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையோரத்தில் சோடா மூடி, ஊக்கு, ஆணி, அலுமினியத் தாள் எத்தனை கிடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆழமும் வேண்டும், பிரிக்கவும் வேண்டும் என்றால் ஒரே காயிலில் நடக்காது.

இது பொழுதுபோக்குக்காரர்களின் கவலை மட்டுமல்ல. இலங்கையின் வடக்கில் ஹாலோ டிரஸ்ட், மேக் போன்ற அமைப்புகள் 2002 முதல் கண்ணிவெடி அகற்றும் பணியில் இருக்கின்றன. பெரும்பாலும் பிளாஸ்டிக்கால் ஆன கண்ணிவெடியில் உலோகம் துளியளவே இருக்கும். அதனால் கண்ணிவெடி தேடுபவர்கள், வேலை செய்யும் அதே மண்ணில் கருவியைச் சோதித்த பிறகே தேடத் தொடங்குவார்கள். அங்கே மண்ணைத் தப்பாகக் கணித்தால் போவது உயிர்.

எடுத்தால் யாருக்குச் சொந்தம்?

1878-ம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும். சொந்த நிலம் என்றாலும் இதே விதிதான். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்களில் அனுமதியின்றித் தோண்டுவது தனிக் குற்றம்.

சட்டத்தைத் தாண்டி இன்னொரு இழப்பும் உண்டு. காசு எந்த மண்ணடுக்கில், எந்தப் பானையில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதை வைத்துத்தான் அதன் காலத்தையும் கதையையும் ஆய்வாளர்கள் படிக்கிறார்கள். அவசரமாகப் பறித்தெடுத்த காசு வெறும் தங்கம்; அதன் கதை போய்விட்டது.

வாங்கும் முன் ஒரு சோதனை

விற்பவரிடம் ஆழத்தைக் கேட்காதீர்கள், மண்ணைக் கேளுங்கள். உங்கள் தோட்டத்து மண்ணில் ஒரு சாண், இரண்டு சாண், ஒரு முழம் ஆழத்தில் தனித்தனியே ஒரு பித்தளைக் காசைப் புதையுங்கள். 'இதைக் காட்டுங்கள்' என்று சொல்லுங்கள். பக்கத்தில் ஓர் ஆணியையும் போட்டு மறுபடி கேளுங்கள். காற்றில் காட்டிய வித்தை மண்ணிலும் நடக்கிறதா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். சோதனைக்கே மறுப்பவர் கருவியை விற்கவில்லை, ஆசையை விற்கிறார். இரிடியம் கலசம் என்ற பெயரில் லட்சங்களை இழந்தவர்கள் நம் ஊரில் ஏற்கெனவே நிறைய உண்டு.

வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதோ, ஏர் ஓட்டும்போதோ உண்மையிலேயே ஏதாவது தட்டுப்பட்டால்? தோண்டுவதை அங்கேயே நிறுத்துங்கள். பொருளைக் கழுவவோ சுரண்டவோ வேண்டாம். கிடந்த நிலையிலேயே போட்டோ எடுங்கள். கிராம நிர்வாக அலுவலருக்கோ, தாசில்தாருக்கோ அன்றே தகவல் சொல்லி, ஆட்சியருக்கும் எழுதிக் கொடுங்கள்.